யாருடைய கூடைக்கு விலை?

வேறு நகரத்தில் வேலை கிடைத்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே வாங்கும் சம்பளத்துக்குச் சமமாக அங்கே எவ்வளவு கேட்கலாம்?" என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு நகரங்களின் பெயரையும் இணையத்தில் தட்டிப் பார்த்திருப்பார்கள். 38 சதவீதம் கூடுதல் என்றோ 22 சதவீதம் குறைவு என்றோ ஓர் எண் வந்திருக்கும். அந்த எண்ணைச் சம்பளத்தோடு பெருக்கி, வந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். நானும் வேலைக்காக நகரம் மாறியவன். மாதக் கணக்கு எழுதும் பழக்கமும் உண்டு. அந்த இரண்டையும் நம்பி என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: "அந்த எண் யாருடைய செலவு?"

நகரங்களின் வாழ்க்கைச் செலவைப் பட்டியலிடும் பெரிய கணக்கெடுப்புகள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலை ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் பெரிதாக வெளியிடுகின்றன. அதன் வாடிக்கையாளர்கள் பன்னாட்டு நிறுவனங்கள். தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக வீட்டு வாடகை, போக்குவரத்து, உணவு, உடை, பொழுதுபோக்கு என்று 200க்கும் மேற்பட்ட இனங்களின் விலையைத் திரட்டி, நியூயார்க்கை அளவுகோலாக வைத்து, அமெரிக்க டாலரில் ஒப்பிடுகிறார்கள். தயாரித்தவர்கள் இதை மறைக்கவில்லை. தலைப்புப் போடுகிறவர்கள்தான் 'உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரம்' என்று எழுதி, யாருக்கு என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு லுவாண்டாவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அங்கோலாவின் தலைநகரமான லுவாண்டா, 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மெர்சர் பட்டியலின் உச்சியில் இருந்தது. 2017இல் மறுபடியும் முதலிடம். டோக்கியோ, ஜெனீவா, ஹாங்காங் எல்லாம் அதற்குக் கீழே. 1975இல் தொடங்கி 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போர் அந்த நாட்டின் வேளாண்மையையும் சாலைகளையும் சிதைத்திருந்தது. இன்னொரு பக்கம் எண்ணெய்ப் பணம் கொட்டியது. எண்ணெய் நிறுவனங்களின் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் காவல் உள்ள குடியிருப்பு வேண்டும், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் வேண்டும், தங்கள் நாட்டில் சாப்பிட்ட அதே பொருள் வேண்டும். கப்பலில் வந்த அந்தப் பொருள்களையும் மிகக் குறைவாக இருந்த அந்த வீடுகளையும் பிடிக்கக் கடும் போட்டி. விலை வானத்தைத் தொட்டது. அதே நகரத்தில் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களின் மாதச் செலவு அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் இல்லை. அவர்களுக்கும் வாழ்க்கை கடினமாகத்தான் இருந்தது, ஆனால் காரணமும் கணக்கும் வேறு. 2018இல் அங்கோலாவின் நாணயமான குவான்சாவின் மதிப்பு சரியத் தொடங்கியதும் லுவாண்டா பட்டியலில் மடமடவென்று இறங்கிவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு அப்போது விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரின் கதை இதற்கு மறுமுனை. லண்டனைச் சேர்ந்த எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் உலக நகரப் பட்டியலில் 2014 முதல் அது பலமுறை முதலிடம் பிடித்திருக்கிறது. 2022இல் நியூயார்க்கோடும் 2023இல் சூரிச்சோடும் அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டது. அதை மேலே தள்ளுவதில் காருக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு இது. ஒரு சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1,00,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. காரின் விலை தனி. ஆனால் அந்த நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. மற்றவர்கள் ரயிலிலும் பேருந்திலும் போகிறார்கள். வீட்டை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றேறக்குறையப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீவக வீடுகளில் வசிக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்களாகவே. தனியார் அடுக்ககத்தை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டு அதிகாரியின் செலவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த முரண்பாடு அங்கேயே உறுத்தியிருக்க வேண்டும். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஒன்று, சாதாரணக் குடிமக்களுக்கு ஒன்று என்று இரண்டு குறியீடுகளைத் தனித்தனியே தயாரித்தார்கள். இரண்டாவது பட்டியலில் சிங்கப்பூர் வெகு தூரம் கீழே இருந்தது. நகரம் ஒன்றுதான், எண் இரண்டு. இரண்டுமே சரி.

இன்னொரு பூதம் நாணய மாற்று விகிதம். சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல், ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடாமல் தன் நாணயத்தைப் பிடித்து வைத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்தப் பிடியை விட்டது. அன்றே பிராங்கின் மதிப்பு யூரோவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. முந்தைய நாள் 100 யூரோவாக இருந்த 120 பிராங்க் ரசீது, ஒரே நாளில் 120 யூரோவை நெருங்கியது. சூரிச்சில் எந்தக் கடைக்காரரும் விலைச்சீட்டை மாற்றவில்லை. அங்கே சம்பளம் வாங்கி அங்கேயே செலவு செய்தவருக்கு அது சாதாரண வியாழக்கிழமை. அவர் எல்லை தாண்டி ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸுக்குப் போய்ச் சாமான் வாங்கினால் அவருக்கு லாபம்கூட. டாலரில் எழுதப்பட்ட பட்டியலில் மட்டும் அவருடைய நகரம் தாங்க முடியாத இடமாகிவிட்டது.

இதே கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தால் டமாஸ்கஸ். எகனாமிஸ்ட் பட்டியலில் 2021 முதல் 2023 வரை மிக மலிவான நகரம் என்ற இடத்தில் அதன் பெயர் இருந்தது. 2022இல் லிபியாவின் திரிப்போலியும் சேர்ந்துகொண்டது. போரிலும் தடைகளிலும் சிரியாவின் நாணயம் நொறுங்கிப் போயிருந்தது. டாலர் வைத்திருப்பவருக்கு எல்லாம் கொள்ளை மலிவு. சிரிய பவுண்டில் சம்பளம் வாங்குபவருக்கு அடுத்த வாரச் சாப்பாடே கேள்விக்குறி. பட்டியலின் அடிவரிசையைப் பார்த்து 'அங்கே போனால் ராஜா மாதிரி வாழலாம்' என்று நினைப்பவர்கள், அந்த அடிவரிசையில் ஏன் அடிக்கடி போர் நடந்த நகரங்களே இருக்கின்றன என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

சரி, நாணயச் சிக்கலே இல்லை, இரண்டு நகரங்களிலும் ஒரே காசு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது நேரான விடை கிடைக்குமா என்றால், கிடைக்காது. எனக்குப் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அ நகரத்தில் பெட்ரோல் லிட்டர் 1 காசு, ரயில் பயணம் ஒன்றுக்கு 4 காசு. ஆ நகரத்தில் தலைகீழ்: பெட்ரோல் 4 காசு, ரயில் 1 காசு. மனிதர்கள் மலிவாக இருப்பதைத்தான் அதிகம் வாங்குவார்கள். ஆகவே அ நகரத்துக்காரர் மாதம் 40 லிட்டர் பெட்ரோல் போடுகிறார், 5 முறை ரயிலில் போகிறார். செலவு 60 காசு. ஆ நகரத்துக்காரர் 40 முறை ரயிலில் போகிறார், 5 லிட்டர் பெட்ரோல் போடுகிறார். அவருக்கும் 60 காசுதான். இப்போது அ நகரத்துக்காரர் தன் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆ நகரத்துக்குப் போனால், பெட்ரோலுக்கு 160, ரயிலுக்கு 5, ஆக 165 காசு. "ஐயோ, ஆ நகரத்தில் குடியிருக்கவே முடியாது!" என்பார். ஆ நகரத்துக்காரர் தன் பழக்கத்தோடு அ நகரத்துக்கு வந்தால் அவருக்கும் 165. அவரும் அதே 'ஐயோ'வைச் சொல்வார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் அடுத்தவர் நகரம் இரண்டே முக்கால் மடங்கு செலவு பிடிக்கும் நகரம்.

பொருளியலில் இது பழைய தலைவலி. ஜெர்மானியப் பொருளியலாளர் லாஸ்பேயர் 1871இல் பழைய கூடையை, அதாவது மாற்றத்துக்கு முன் வாங்கிய பொருள்களின் பட்டியலை, வைத்துக் கணக்கிடச் சொன்னார். பாஷே 1874இல் புதிய கூடையை வைத்துக் கணக்கிடச் சொன்னார். பின்னால் வந்த அமெரிக்கர் இர்விங் ஃபிஷர், இரண்டு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் வழியை 1922இல் வலியுறுத்தினார். மேலே சொன்ன கணக்கில் ஃபிஷர் வழி சரியாக 1 என்ற விடையைத் தருகிறது: இரண்டு நகரங்களும் சமம். அழகான விடை. ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு போகிற மனிதருக்கு இந்தச் சராசரி உதவாது. அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டு ரயிலுக்கு மாறத் தயாராக இருக்கிறாரா, எத்தனை மாதத்தில் மாறுவார் என்பதைப் பொறுத்தே அவருடைய செலவு 60இலிருந்து 165 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பழக்கத்தைச் சுருக்கென்று மாற்றிக்கொள்ளும் இளைஞருக்கும், மாற்ற முடியாத வயதில் உள்ள பெற்றோரோடு குடிபெயர்பவருக்கும் ஒரே சதவீதத்தைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

எந்தச் செலவு நகரத்துக்கு நகரம் மாறும், எது மாறாது என்பதில் மட்டும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கப்பலிலும் லாரியிலும் ஏற்ற முடிந்த பொருள்களின் விலை ஊருக்கு ஊர் அவ்வளவாக வேறுபடுவதில்லை. வேறுபட்டால் வியாபாரி மலிவான இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்தில் விற்றுவிடுவான். ஏற்ற முடியாதவை வீடும் மனித உழைப்பும். முடி வெட்டுவதை இறக்குமதி செய்ய முடியாது. உற்பத்தித்திறனால் சம்பளம் உயர்ந்த நகரத்தில், முடி வெட்டுபவருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்தச் சம்பளத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். 1964இல் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கியது இதைத்தான். ஆகவே கைபேசி, மடிக்கணினி, துணிமணி என்று செலவழிக்கும் தனியாளுக்கு எல்லா நகரங்களும் ஏறக்குறைய ஒன்றே. வேலைக்கு ஆள் வைத்து, காப்பகத்தில் குழந்தையை விட்டு, பெரிய வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு நகரமும் வேறு வேறு உலகம்.

விலையைக் காசில் சொல்லாமல் உழைப்பு நேரத்தில் சொல்வது எனக்கு இன்னும் பிடித்த முறை. சுவிஸ் வங்கியான யூபிஎஸ் 1971 முதல் பல ஆண்டுகள் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2015இல் அது எடுத்துக்காட்டிய பொருள்களில் ஒன்று ஐபோன் 6: சூரிச்சில் சராசரி ஊழியர் ஒருவர் அதை வாங்க ஏறக்குறைய 21 மணி நேரம் உழைத்தால் போதும், கீவ் நகரத்தில் 600 மணி நேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். விலைப்பட்டியலில் மட்டும் பார்த்தால் சூரிச் பயமுறுத்தும் நகரம். இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் யார் பயப்பட வேண்டும் என்பது மாறிவிடுகிறது.

பெரிய நகரத்தில் எல்லாமே விலை அதிகம் என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஜெஸ்ஸி ஹேண்ட்பரி, டேவிட் வைன்ஸ்டைன் என்ற இரு பொருளியலாளர்கள், அமெரிக்கக் குடும்பங்கள் வாங்கிய மளிகைப் பொருள்களின் பட்டைக்குறியீடுகளை வைத்து நகரங்களை ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதே பொருளை, அதே தரமான கடையோடு ஒப்பிட்டால் பெரிய நகரத்தின் கூடுதல் விலை பெரும்பாலும் காணாமல் போகிறது. கிடைக்கும் பொருள்களின் வகைவகையான தேர்வையும் கணக்கில் சேர்த்தால் மளிகையில் பெரிய நகரமே மலிவு. உங்களுக்கு அந்த வகைகள் தேவையா என்பது வேறு விஷயம். எனக்கு அவ்வளவாகத் தேவையில்லை.

வாடகைக்கு வருவோம். எல்லாக் கணக்கையும் கடைசியில் விழுங்குவது அதுதான். இணையத்தில் பொதுமக்களே விலையைப் பதிவு செய்யும் தளங்களில் முக்கியமானது 2009இல் தொடங்கிய நம்பியோ. அதுவும் நியூயார்க்கை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறது. பலர் கவனிக்காத ஒன்று, அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது. வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்ததற்கு மூன்றாவது. முதல் எண்ணை மட்டும் பார்த்துச் சம்பளம் பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாடகையைச் சேர்த்துப் பார்த்தாலும், அது எந்த வாடகை? விளம்பரத்தில் இன்று கேட்கப்படும் வாடகைக்கும், 10 ஆண்டுகளாக அதே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகைக்கும் இடைவெளி பெரிது. வியன்னா வாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ லாப வரம்புள்ள கூட்டமைப்புகள் கட்டிய வீடுகளிலோ குறைந்த வாடகையில் இருக்கிறார்கள். நேற்று விமானத்தில் இறங்கியவருக்கு அந்தக் கதவு உடனே திறக்காது, அவர் தனியார் சந்தைக்குத்தான் போக வேண்டும். வியன்னாவின் சராசரி வாடகை என்ற எண் இந்த இருவருக்கும் நடுவில், இருவருக்கும் உதவாமல் நிற்கிறது.

என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், நகரம் மாறியபின் மிகவும் ஏறிய வரிகள் எந்தத் தரவரிசையிலும் இல்லாதவை. நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போய்வரும் பயணச் செலவு. அதுவும் கெட்டதுக்கு என்றால் டிக்கெட்டைப் பேரம் பார்த்து முன்கூட்டி எடுக்க முடியாது. அம்மா பக்கத்தில் இருந்தவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு காசும் ஆகவில்லை. தள்ளிப் போனதும் வாடகைக்கு அடுத்த பெரிய செலவாகக் காப்பகக் கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பு சரியில்லாதபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாடு எந்தக் கூடையிலும் கிடையாது, அது நின்றபின் வெளியே வாங்கியதற்கு மட்டும் ரசீது இருக்கிறது. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, கூட்டல் கழித்தலாகவே சொல்கிறேன். தெரிந்த மனிதர்கள் உள்ள நகரம் அவ்வளவு காசு மலிவு.

வரியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு பள்ளியையும் மருத்துவத்தையும் கொடுக்கும் நகரமும், குறைவாகப் பிடித்துக்கொண்டு இரண்டையும் உங்கள் தலையில் கட்டும் நகரமும் விலைப்பட்டியலில் ஒன்றுபோலத் தெரியும். குழந்தையும் நோயும் இல்லாத காலத்தில் இரண்டாவது நகரம் லாபம். அந்தக் காலம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே செலவை ஒப்பிடுவதைவிட மிச்சத்தை ஒப்பிடுங்கள் என்கிறேன். இரண்டு நகரங்களிலும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்றால், சதவீதக் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் விலைவாசி கூடிய நகரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பெரிய தொகை. அந்தத் தொகையை மலிவான இடத்தில் செலவிடப்போகிறவருக்கு, அதாவது வீட்டுக்குப் பணம் அனுப்புபவருக்கும் ஒருநாள் ஊர் திரும்பப்போகிறவருக்கும், செலவு கூடிய நகரமே நல்ல பேரம். அங்கேயே வீடு வாங்கி, அங்கேயே முதுமை அடையப்போகிறவருக்கு அந்தப் பெரிய தொகை பெரிதல்ல. எந்தக் குறியீடும் 'நீங்கள் திரும்பி வருவீர்களா?' என்று கேட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குவதில்லை. நான் கேட்கிறேன். பலர் அப்போதுதான் முதல்முறையாகத் தங்கள் மனைவியிடமோ கணவரிடமோ அதைப் பேசப் போகிறார்கள்.

இந்தப் பேரத்தைத் தலைகீழாகச் செய்பவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். சம்பளம் ஒரு நகரத்தில், மடிக்கணினியும் குடியிருப்பும் இன்னொரு நகரத்தில். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே போர்ச்சுகல் 2022 அக்டோபரில் தனி விசா கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு மலிவாகத் தெரிந்த லிஸ்பனில் வாடகை ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான குறுகிய கால வாடகை, வெளிநாட்டு முதலீடு, போதிய வீடு கட்டாமை என்று காரணங்கள் பல; மலிவு தேடி வந்தவர்களும் அவற்றில் ஒன்று. 2023இல் வீட்டு வாடகையை எதிர்த்து அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். லிஸ்பனில் பிறந்து, அங்கேயே சம்பளம் வாங்கி, வாடகை கட்ட முடியாமல் புறநகருக்குப் போனவர்கள் நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் குடிபெயரவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் விட்டுப்போன வீடுகளில் இருக்கிறார்கள்.